இரும்பு அடித்த ஊரில் ஓர் அறை

போ நதிச் சமவெளி – 6

மிலானில் டுவோமோ பேராலயத்தைச் சுற்றி அறை தேடுகிறவர்கள் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி. 1961 முதல் நடந்து வருவது. உலகெங்கிலும் இருந்து வியாபாரிகளும் வடிவமைப்பாளர்களும் அந்த வாரம் வந்து இறங்குகிறார்கள். செப்டம்பரிலும் பிப்ரவரி கடைசியிலும் ஃபேஷன் வாரங்கள். நவம்பரில் மோட்டார் சைக்கிள் கண்காட்சி. இந்த நாட்களில் அறை வாடகை இரண்டு மடங்காகும், மூன்று மடங்குகூட ஆகும். மற்ற நாட்களிலும் நகர நடுவில் மலிவாக ஓர் அறை கிடைப்பது அரிது. அதனால் கையில் அளவாகப் பணம் உள்ளவர்கள் மெட்ரோ வரைபடத்தில் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வடகிழக்கே போகிறார்கள். கோடு முடியும் ஊர் செஸ்டோ சான் ஜொவானி. மிலானைப் பற்றி எழுத வந்த நானும் அங்கேதான் தங்கினேன்.

பயண வழிகாட்டிகள் இந்த ஊருக்கு இரண்டு வரி ஒதுக்குகின்றன. வாடகை குறைவு, மெட்ரோ பக்கம், அவ்வளவுதான். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. மிலானின் செல்வத்தில் பெரும்பங்கு இங்கேதான் உருக்கி வார்க்கப்பட்டது. அந்த நகரத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், பணம் மிச்சமாகிறது என்பதற்காக அல்ல, இந்த ஊருக்காகவே இங்கே நாலு நாள் தங்கலாம்.

என் விடுதி மூன்று நட்சத்திரம். 1960-களில் எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, தானும் ஒரு வீடு போலவே நின்ற ஐந்து மாடிக் கட்டடம். பக்கத்தில் மருந்துக் கடை. எதிரே புகையிலைக் கடை. சிகரெட் பிடிக்காதவர்களும் அங்கே போகலாம், ஏனென்றால் மெட்ரோ டிக்கெட்டும் தபால் தலையும் அங்கே கிடைக்கும். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டை வாங்கி விவரங்களைக் கணினியில் ஏற்றினார். இத்தாலியில் எந்த விடுதிக்குப் போனாலும் இது உண்டு. தங்க வருகிறவரின் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். 1931-இல் முசோலினி ஆட்சியில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு இது. குடியரசு வந்து இத்தனை காலம் ஆகியும், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டை ஏன் கேட்கிறார்கள் என்று நம்மவர்கள் கலங்க வேண்டியதில்லை. தங்கல் வரி என்று ஒன்றும் உண்டு. 2011-இல் வந்த சட்டப்படி ஊராட்சிகள் விதிப்பது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. நட்சத்திரத்துக்கு ஏற்பத் தொகை மாறும். முன்பதிவு செய்யும்போது கட்டிய வாடகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. சில்லறை யூரோக்களைக் கையில் வைத்திருப்பது நல்லது.

அறை சிறியது. ஒற்றைக் கட்டில், சுவரோடு ஒட்டிய மேஜை, ஜன்னலுக்கு வெளியே கீழே இழுத்து மூடும் பட்டைக் கதவு. அதை மூடிவிட்டால் பட்டப்பகலிலும் அறை இருட்டாகிவிடும். இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்க வேண்டிய தொழிலாளர்கள் நிறைந்திருந்த ஊரில், அந்தக் கதவின் அருமை எனக்குச் சீக்கிரமே புரிந்தது. குளியலறையில் கழிப்பறைத் தொட்டிக்கு அருகிலேயே கழுவிக்கொள்வதற்குத் தனித் தொட்டி, பிதே. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் தண்ணீருக்குத் தவித்த தமிழர்களுக்கு இத்தாலி இந்த விஷயத்தில் தாய்வீடு. 1975-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த அமைச்சக ஆணை ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறையிலாவது பிதே இருந்தாக வேண்டும் என்று விதித்தது. இத்தனை சிறிய குளியலறையிலும் அதற்கு இடம் விட்டிருந்தார்கள். குளிக்கும் இடத்தில் கூரையிலிருந்து தொங்கும் கயிறு துணி காயப்போட அல்ல. வழுக்கி விழுந்தால் இழுத்து ஆளைக் கூப்பிடுவதற்கு.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் இந்த விடுதியின் உண்மையான முகம் தெரிந்தது. பிறை வடிவ இனிப்பு ரொட்டி, மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டித் துண்டுகள், சின்னச் சின்ன ஜாம் பொட்டலங்கள், நுரை ததும்பும் கப்புச்சினோ. கேமராவோடு கிளம்பும் சுற்றுலாக்காரர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு பக்கம் கட்டட வேலைக்கு வந்த மின்பணியாளர்கள், மாதிரிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதிகள். மற்ற மேஜைகளில் இரண்டு இரண்டு பேராக, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர்கள். மேஜை மேல் தடித்த காகித உறைகள். எக்ஸ்ரே, ஸ்கேன் உறைகளை எந்த நாட்டிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கலாப்ரியாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் மேஜைக்கு எதிரே அமர்ந்தார். கணவர் மிலானில் மருத்துவமனையில் இருக்கிறார். ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். "எங்கள் ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் இந்த நோய் என்று தெரிந்ததும் எல்லோரும் மிலானுக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறார்கள்" என்றார். தென் இத்தாலியில் இது ஊரறிந்த கதை. அரசு மருத்துவம் நாடு முழுவதற்கும் பொதுதான். ஆனால் அதை நடத்துவது அந்தந்தப் பிராந்தியம். வடக்கே லொம்பார்தியிலும் எமிலியா ரொமாஞாவிலும் இருக்கும் வசதி தெற்கே கலாப்ரியாவிலும் கம்பானியாவிலும் இல்லை. சிகிச்சைச் செலவை நோயாளியின் சொந்தப் பிராந்தியமே ஏற்கிறது. ரயில் கட்டணமும் துணைக்கு வருகிறவரின் அறை வாடகையும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்கள் டுவோமோ பக்கம் எப்படி அறை எடுப்பார்கள்? வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்து வந்து குடும்பம் குடும்பமாகத் தங்கியிருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காலை உணவுக் கூடத்தை விளக்கத் தேவையில்லை.

அந்த அம்மாள் தினமும் போகும் வழியை எனக்குச் சொன்னார். சிவப்புக் கோட்டில் லொரேட்டோ வரை. அங்கே பச்சைக் கோட்டுக்கு மாறி பியோலாவில் இறக்கம். 1928-இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் நிறுவனம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு டிக்கெட் 2.20 யூரோ; 90 நிமிடம் செல்லும்; 2019-இல் கட்டண வளையங்களை மாற்றியமைத்தபின் மிலானுக்கும் செஸ்டோவுக்கும் ஒரே டிக்கெட்தான். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் புண்ணியவான்கள் என்றுதான் சொல்வேன். புறநகரில் தங்குகிறவரின் உண்மையான வாடகை, அறை வாடகையோடு ரயில் கட்டணமும் சேர்ந்ததல்லவா?

இனி ஊர். செஸ்டோவில் இன்று ஏறக்குறைய 80,000 பேர் வசிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது இது பட்டுப்புழு வளர்த்த கிராமம், மிலான் பணக்காரர்கள் கோடைக்கு வந்து போகும் இடம். ரயில் பாதையும் காலி நிலமும் இருந்ததால் 1900-களின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து இறங்கின. பிரேடா ரயில் எஞ்சின்கள் செய்தது, பின்னால் போர் விமானங்களும். எர்கோலே மாரெல்லி மின்மோட்டார்கள் செய்தது. 1906-இல் ஃபால்க் எஃகு ஆலைக் குழுமம் தொடங்கியது. காம்பாரி 1904-இல் இங்கே தன் மது ஆலையைத் திறந்தது. கட்டடக் கலைஞர் மாரியோ போத்தா பழைய செங்கல் முகப்பை இடிக்காமல் அதன் மேலும் பின்னும் எழுப்பிய புதிய தலைமையகத்தை இன்றும் பார்க்கலாம். முதலில் சுற்றுவட்டார விவசாயிகளும் வெனெட்டோ மாநிலத்து ஏழைகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கிலிருந்து புறப்பட்டவர்களும் வேலை தேடி வந்தார்கள். விஸ்கோந்தி 1960-இல் எடுத்த 'ரொக்கோவும் அவன் சகோதரர்களும்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ரயிலில் வந்து இறங்கிய முகங்கள் நினைவிருக்கும். அன்று தெற்கத்தியர்கள் இங்கே வந்தது வேலைக்கு. இன்று மருத்துவத்துக்கு.

இந்த ஊருக்கு 'இத்தாலியின் ஸ்டாலின்கிராட்' என்ற பெயரும் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சிப் பற்றினால் மட்டும் வந்ததல்ல அது. 1943 மார்ச்சில், முசோலினி இன்னும் ஆட்சியில் இருந்தபோதே, இங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1944 மார்ச் முதல் நாள், ஜெர்மன் ராணுவம் ஊரில் இருக்கும்போது, வடக்கு இத்தாலி முழுவதும் பரவிய பொது வேலைநிறுத்தத்தில் மறுபடியும் எந்திரங்களை நிறுத்தினார்கள். துப்பாக்கி பிடித்த ராணுவத்தின் முன்னால் வெறுங்கையோடு நின்ற அந்தத் துணிவுக்கு ஐரோப்பாவில் அதிகம் இணையில்லை. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. நூற்றுக்கணக்கானவர்கள் இரவில் வீட்டிலிருந்தும், பகலில் ஆலைக்குள்ளிருந்தும் பிடித்துச் செல்லப்பட்டு மவுத்ஹவுசன் போன்ற நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. மிலான் எல்லையைத் தொட்டு விரியும் வடக்குப் பூங்காவில், பிரேடாவின் பழைய நிலத்தில், அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. இந்த எதிர்ப்புக்காகத்தான் ஊருக்கே வீரத்துக்கான தங்கப் பதக்கத்தை இத்தாலியக் குடியரசு அளித்தது. நான் ஏறி இறங்கிய மெட்ரோ முனையத்தின் பெயரே மே முதல் நாள்.

அந்த மெட்ரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1964 நவம்பரில் ஓடத் தொடங்கிய முதல் பாதை, மாரெல்லி ஆலை வாசலில் முடிந்தது. ஆலைத் தொழிலாளர்களின் காலடிக்கே மிலான் தன் முதல் மெட்ரோவைக் கொண்டுவந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைய முனையம் வரை நீண்டது 1986-இல். முதல் நிலையங்களை ஃபிராங்கோ அல்பீனியும் ஃபிராங்கா ஹெல்கும் வடிவமைத்தார்கள். பெயர்ப் பலகைகளை பாப் நோர்தா. வளைந்து இறங்கும் சிவப்புக் கைப்பிடிக் குழாய், சுவர் நெடுக ஓடும் சிவப்புப் பட்டையில் சில மீட்டருக்கு ஒருமுறை நிலையத்தின் பெயர். எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தாலும் எந்த ஊர் என்று தெரியும். நியூயார்க் சுரங்க ரயிலின் பலகைகளை உருவாக்கியவர்களில் நோர்தாவும் ஒருவர்.

செஸ்டோவிலிருந்து டுவோமோவுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அவசரம் இல்லாதவர்கள் நடுவில் கோர்லாவில் இறங்க வேண்டும். 1944 அக்டோபர் 20, காலை. செஸ்டோவின் பிரேடா ஆலையைத் தகர்க்க வந்த அமெரிக்க விமானங்களில் ஒரு பிரிவு இலக்கைவிட்டு விலகியது. சுமந்து வந்த குண்டுகளைக் குடியிருப்புகளின் மேல் விட்டது. ஒரு குண்டு தொடக்கப் பள்ளியின் மாடிப்படியில் விழுந்தது. பிள்ளைகள் பதுங்கறைக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். 184 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களோடு ஆசிரியைகளும். பள்ளி இருந்த இடத்தில் இப்போது சிறு சதுக்கம். இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாயின் சிலை. அடியில் அந்தப் பிள்ளைகளின் எலும்புகள். நான் போனபோது சிலையடியில் புதுப் பூக்கள் இருந்தன. சுற்றுலாப் பயணியாக என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இன்னும் நான்கு நிறுத்தம் தள்ளி லொரேட்டோ. 1944 ஆகஸ்ட் 10 அன்று அங்கே பதினைந்து பாசிச எதிர்ப்பாளர்களைச் சுட்டு, உடல்களை வெயிலில் பார்வைக்குப் போட்டார்கள். 1945 ஏப்ரல் 29 அன்று முசோலினியின் உடல் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டதும் அதே சதுக்கத்தில். இப்போது அங்கே ஓயாத போக்குவரத்து. கலாப்ரியா அம்மாள் தினமும் ரயில் மாறுகிற இடம்.

சாப்பாட்டுக்குச் செஸ்டோவில் குறை இல்லை. வேலை நாட்களில் மதியம் சிறு உணவகங்கள் தொழிலாளர் சாப்பாடு போடுகின்றன: ஒரு பாஸ்தா அல்லது சோறு, பின்னால் ஒரு கறி அல்லது காய், தண்ணீர், காபி, எல்லாம் சேர்த்து ஒரே விலை. இரண்டரை மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும். இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குங்குமப்பூ போட்ட மஞ்சள் நிற மிலான் ரிசோட்டோ பார்க்க நம் பொங்கல் போல இருந்தாலும், மரபுப்படி அதில் மாட்டு எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும். தக்காளிப் பாஸ்தா கேளுங்கள்.

ஃபால்க்கின் உலைகள் 1990-களின் நடுவில் அணைந்தன. பத்து லட்சம் சதுர மீட்டருக்கும் மேலான நிலம் ஊரின் நடுவே வெறுமையாகக் கிடந்தது. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அதற்குத் தலைமைத் திட்டம் வரைந்தார். ரயில் பாதையின் அந்தப் பக்கம் இப்போது கிரேன்கள் நிற்கின்றன. அங்கே எழுவது ஒரு மருத்துவ நகரம்: தேசியப் புற்றுநோய் நிறுவனமும் கார்லோ பெஸ்டா நரம்பியல் நிறுவனமும் மிலானிலிருந்து இங்கே இடம்பெயரப் போகின்றன. எஃகு உருக்கிய மண்ணில் மருத்துவமனை வருவது எனக்கு மனநிறைவாக இருக்கிறது, கவலையும் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வந்தால் சுற்றிலும் நிலத்தின் விலை ஏறும், புது விடுதிகள் முளைக்கும், பழைய மூன்று நட்சத்திர விடுதிகள் கைமாறும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு நோயாளியின் படுக்கைக்கு நடந்து போகும் தூரத்திலேயே அறை கிடைக்கும். அந்த வாடகையை அவர்களால் கொடுக்க முடிய வேண்டும். மருத்துவமனைக்கு நிலம் ஒதுக்கிய ஊராட்சி, துணைக்கு வருகிறவர்களுக்காகக் குறைந்த வாடகையில் ஒரு தங்கும் இல்லத்துக்கும் அதே நிலத்தில் இடம் ஒதுக்கினால், இந்த ஊரின் வரலாற்றுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

(அடுத்த வாரம்: பெர்காமோ மேல்நகரம்)