பிள்ளைகள் பார்க்கும் 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்': பெற்றோர் அறிய வேண்டியவை

பிள்ளைகள் செல்போனோடு அறைக்குள் போனால், என்ன பார்க்கிறார்கள் என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் "சும்மா ஒரு சீரிஸ்" என்ற பதிலோடு விட்டுவிடுகிறோம். அப்படிப் பார்க்கப்படும் தொடர்களில், பல நாடுகளில் பெற்றோரையும் மனநல மருத்துவர்களையும் கவலைப்பட வைத்த ஒன்று 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்'. ஜே ஆஷர் 2007-இல் எழுதிய நாவலைத் தழுவிய இந்த அமெரிக்கத் தொடரின் முதல் சீசன், 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது.

கதை என்ன?

ஹன்னா பேக்கர் என்ற பள்ளி மாணவி தற்கொலை செய்துகொள்கிறாள். பிறகு, அவளுடன் படித்த க்ளே ஜென்சனின் வீட்டு வாசலுக்கு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே ஏழு ஆடியோ கேசட்டுகள். தன் முடிவுக்கு யார் யார் காரணம் என்று ஹன்னாவே பேசிப் பதிவு செய்தவை. கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு எபிசோடு என்று 13 எபிசோடுகள்.

ஒரு மாணவன் எடுத்த புகைப்படம் பள்ளி முழுக்கப் பரவுவதில் துன்பம் தொடங்குகிறது. அதையொட்டி வதந்தி. பிறகு மாணவிகளின் உடலை மதிப்பிட்டு ஒரு பட்டியல். நட்புகள் முறிகின்றன. கடைசியில் பாலியல் வன்கொடுமை. பெற்றோர் பாசமானவர்கள்தான்; ஆனால் நலிந்துவரும் தங்கள் மருந்துக்கடையின் கவலையில், மகளின் மாற்றத்தை அவர்கள் கவனிக்கவில்லை.

எங்கே தவறியது?

கேலியும் வதந்தியும் ஒரு பிள்ளையை எப்படி நொறுக்கும் என்பதைத் தொடர் உண்மையாகவே காட்டுகிறது. ஆனால் மூன்று இடங்களில் அது ஆபத்தானது.

முதலாவது, தற்கொலைக் காட்சியை விரிவாகக் காட்டியது. ஊடகங்கள் இதைச் செய்யவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

இரண்டாவது, ஹன்னா உதவி கேட்டுப் போகும் பள்ளி ஆலோசகர் அவளைக் கைவிடுகிறார். 'யாரிடம் சொன்னாலும் பயனில்லை' என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் பதிகிறது.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத ஹன்னாவின் பேச்சை, இறந்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். இது கதையில் மட்டுமே நடக்கும். மரணத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையும் தன் நியாயத்தைப் பேச முடியாது.

பிறகு நடந்தது

நியூசிலாந்து, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று தனித் தரச்சான்றே உருவாக்கியது. நெட்ஃபிளிக்ஸ் எச்சரிக்கைகளைச் சேர்த்தது. 2019 ஜூலையில் அந்தக் காட்சியையே நீக்கியது.

அமெரிக்காவில் 2017 ஏப்ரலில் 10 முதல் 17 வயதுள்ளோரின் தற்கொலைகள் சுமார் 29 சதவீதம் கூடியதாக 2019-இல் ஓர் ஆய்வு கூறியது. தொடர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை மறுத்தும் உள்ளனர். ஆனாலும் ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் பிள்ளை இதைத் தனியாகப் பார்ப்பது நல்லதல்ல என்றே மனநல வல்லுநர்கள் எச்சரித்தனர்.

நாம் செய்ய வேண்டியது

போனைப் பிடுங்கினால், பிள்ளை நண்பனின் போனில் பார்க்கும். "பார்த்தாயா? ஹன்னா யாரிடம் சொல்லியிருக்கலாம்? உனக்கு அப்படி நடந்தால் யாரிடம் சொல்வாய்?" என்று கேட்போம். அந்தக் கடைசிக் கேள்விக்கு 'உம்மா', 'வாப்பா' என்ற பதில் வரவில்லை என்றால், நாம் மாற வேண்டியவர்கள்.

தற்கொலை ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். மனம் உடைந்த பிள்ளையிடம் அதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த முறை அது நம்மிடம் வாய் திறக்காது. முதலில் கேட்போம்; பிறகு பேசுவோம்.

சாவைப் பற்றிப் பேசுவது, தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, தூக்கமும் சாப்பாடும் கெடுவது ஆகியவற்றைக் கண்டால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களையும் அழைக்கலாம்.

ஹன்னாவின் பெற்றோருக்கு மகளின் வேதனை தெரியவந்தபோது அவள் இல்லை. நம் பிள்ளைகள் இன்று நம் வீட்டில், அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். இன்றே பேசுவோம்.