பதின்ம வயதினரின் உளவிலகலை அளத்தல்: நெடுங்கால ஆய்வு உணர்த்தும் பாடம்

நினைவு, உணர்வு, தன்னடையாளம் ஆகியன ஒன்றோடொன்று இணைந்து இயங்காது பிரிந்து நிற்கும் நிலையை உளவிலகல் எனலாம். நூலொன்றில் ஆழ்ந்து, அழைப்பவர் குரலைக் கேளாதிருத்தல் இதன் எளிய வடிவம். தான் செய்த செயலே நினைவில் இல்லாமற் போதலும், தன்னுடல் தனதன்று எனத் தோன்றுதலும் கடுமையான வடிவங்களாம். அகத்தே நிகழும் இவ்வனுபவங்களை எங்ஙனம் அளப்பது?

1986ஆம் ஆண்டு பெர்ன்ஸ்டைன், பட்னம் ஆகியோர் வயதுவந்தோருக்கென 28 வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். பதின்ம வயதினருக்கான 30 வினாக்கள் கொண்ட அளவுகோலை ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 1997இல் வெளியிட்டனர். ஒவ்வொரு வினாவிற்கும் 0 முதல் 10 வரை இளையரே மதிப்பெண் இடுவர். சராசரி 4ஐ எட்டின் மேலும் ஆராய்தல் வேண்டும் என்பதே பொருள். நோய் உறுதியாயிற்று என்பதன்று.

ஒரே பிள்ளையைப் பல்லாண்டுகள் தொடரும் ஆய்வில் சிக்கல் மிகுகின்றது. அமெரிக்காவின் மினசோட்டாவில் வறுமைச் சூழலில் பிறந்த குழந்தைகளை 1970களின் நடுப்பகுதி முதல் தொடர்ந்த ஆய்வு இதற்குச் சான்று. அது தொடங்கியபோது மேற்கூறிய அளவுகோல்கள் எவையும் தோன்றவில்லை. எனவே, இளம்பருவத்திற்கு ஆசிரியர் முதலியோர் நிரப்பிய பொதுவான நடத்தைப் பட்டியல்களிலிருந்து பொருத்தமான கூறுகளைத் தெரிந்தெடுத்தனர். 19 வயதில் அவ்விளையரே தம் அனுபவத்தைக் கூறினர். பருவந்தோறும் கருவியும் மாறிற்று. சான்று கூறுபவரும் மாறினார். ஆதலின், இரு பருவ மதிப்பெண்களை ஒரே கோலால் அளந்தவை போல் ஒப்பிடுதல் தகாது.

168 பேரைப் பற்றி ஒகாவா, ஸ்ரூஃப் முதலியோர் 1997இல் வெளியிட்ட முடிவுகள் இங்குக் கருதத்தக்கன. குழந்தைப் பருவத்தில் தோன்றும் உளவிலகல், இடருக்கும் அழுத்தத்திற்கும் எழும் இயல்பான எதிர்வினையாக இருத்தல் கூடும். பதின்ம வயதிலும் அதற்குப் பின்னரும் காணப்படின், அது உளநலக் குறைவைச் சுட்டும் வாய்ப்பு மிகுதி என அவர்கள் கண்டனர். மேலும், பேணுவோரிடம் மழலைப் பருவத்தில் அமைந்த பிணைப்பு ஒழுங்கற்றதாகவோ ஒதுங்கிச் செல்வதாகவோ இருந்தமை, பிற்கால உளவிலகலை முன்னுணர்த்திற்று.

இதனால் நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. மதிப்பெண்ணின் பொருள் எண்ணில் மட்டும் இல்லை. வயதிலும், கூறியவர் யார் என்பதிலும், கடந்து வந்த வாழ்விலும் உள்ளது. இவற்றைக் கருதாது எண்ணை மட்டும் நோக்கின், நலமுள்ள பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டவும், உண்மையில் துன்புறும் பிள்ளையைக் கனவு காண்பவன் எனத் தள்ளவும் நேரும்.