ரோபோவுக்கு நம்மூர்ப் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலை ஷிஃப்ட் ஆள் மாறும் நேரம். பல கம்பெனி வாசல்களில் சீருடை நிறத்தைப் பார்த்தாலே யார் பெர்மனென்ட், யார் கான்ட்ராக்ட் என்று தெரிந்துவிடும். வடக்கிலிருந்து ரயிலேறி வந்த ஆளாயிருந்தால் பெயரைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: பையா.

1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2021-ஐ ஒட்டி நடக்கும் கதை. அந்த இந்தியாவில் பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும்; பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ. அரை நூற்றாண்டு முன்பே, 1931-இல், டச்சு மொழியில் போர்டெவெய்க் எழுதிய ‘ப்ளொக்கன்’ நாவலில் ஊரே சதுரம் சதுரமாக இருக்கும், மனிதர்களையும் அதே அச்சில் வார்க்கப் பார்ப்பார்கள். 2021 வந்து போய்விட்டது, சுஜாதா சொன்ன பெயர்ச் சட்டம் பலிக்கவில்லை என்கிறார்கள். பையா. எண்ணிப் பாருங்கள், இரண்டே எழுத்து.

அந்தக் கதையில் எல்லாருக்கும் பிடித்தது ஜீனோ என்கிற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். நாமும் ரசித்துச் சிரித்தோம். ஒரு பண்ணையாள் இப்படிப் படித்துவிட்டு எதிர்ப்பேச்சுப் பேசியிருந்தால் சிரித்திருப்போமா?

ரோபோ என்ற சொல்லே பண்ணையிலிருந்து வந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் ஒரு நாடகத்துக்காக அதை எடுத்தார். எடுத்துக் கொடுத்தவர் அண்ணன் யோசெப். ‘ரொபோத்தா’ என்றால் குடியானவன் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. இதற்குத் தமிழ்ச்சொல் தேடிக் கலைச்சொல் அகராதியைப் புரட்ட வேண்டாம். சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது: வெட்டி. காசில்லாமல் கொடுத்த உழைப்புக்குப் பெயர் அது. நாளெல்லாம் முதுகொடிந்தவனின் சொல்லைப் பிடுங்கி, சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குச் சூட்டிவிட்டோம். இதைவிடப் பெரிய நையாண்டியை எந்த நாவலாசிரியர் எழுதிவிட முடியும்?

கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், 1613-இல் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்கள் துணி மூட்டைகளோடு மனிதர்களையும் விலைக்கு வாங்கி பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது, வாசலில் இரண்டு எலும்புக்கூடுச் சிற்பங்களோடு. உள்ளே கல்லில் வெட்டிய டச்சு எழுத்து. நீள நீளமான பெயர்கள். கப்பலேறிப் போனவர்களின் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை.