புல்வெளி என்றால் காலி இடமா?

சில வருடங்களுக்கு முன்பு மழைக்காலத்தில் நண்பர்களோடு போடிமெட்டுப் பக்கம் போய் விதைப்பந்து வீசிவிட்டு வந்தேன். மரமே இல்லாத ஒரு புல்சரிவைக் காட்டி, "இங்கதான் நிறைய இடம் காலியாக் கிடக்கு" என்று சொன்னதே நான்தான். கை வலிக்க வீசினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். செய்தது சரியா என்ற சந்தேகம், போன டிசம்பரில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனபோதுதான் வந்தது.

பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரே நாளில் போய்வந்துவிடலாம். போடி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. மூணாறு தாண்டி மறையூர் ரோட்டில் ஐந்தாம் மைலில் இறங்கினால், அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்குக் கூட்டிப்போகிறார்கள். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நாம் நடக்க அனுமதி உள்ளது இந்தச் சின்ன ஓரத்தில் மட்டும்தான். வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி போடும் சமயத்தில் மூடிவிடுவார்கள். தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

மேலே போனால் வரையாடுகள் பயமில்லாமல் ரோட்டோரம் மேய்கின்றன. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது நிலம்தான். மேடெல்லாம் புல். மலை மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. இரண்டுக்கும் நடுவே எல்லை, கோடு போட்டது மாதிரி இருக்கிறது. பெய்யும் மழை இரண்டுக்கும் ஒன்றுதானே? பிறகு ஏன் மேட்டில் மரம் வரவில்லை?

இது பழைய சண்டை. 1938-இல் நீலகிரியை வைத்து இரண்டு வன அதிகாரிகள் நேரெதிராக எழுதினார்கள். காரணம் உறைபனி என்றார் ரங்கநாதன். பனிக்காலத்தில் வானம் தெளிந்த இரவுகளில் திறந்த வெளி சீக்கிரம் குளிர்ந்துவிடும்; சோலை மரத்தின் கன்று அங்கே முளைத்தால் கருகிப்போகும். புல்லின் குருத்து தரையோடு ஒட்டி இருப்பதால் அது மறுபடி துளிர்த்துவிடும். போர் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே இருந்தது காடுதான், மனிதன் தீ வைத்து மாடு மேய்த்ததால் புல்வெளி ஆனது என்றார்.

வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைக்காதீர்கள். போர் சொன்னது சரி என்றால் மரம் நடுவது பரிகாரம். ரங்கநாதன் சொன்னது சரி என்றால் மரம் நடுவதுதான் அழிவு.

பதில் சேற்றில் இருந்தது. இந்த மலைகளின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, புல்லும் இலையும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகக் கறுப்பாகப் படிந்திருக்கும். மரங்களும் இந்த மலைப் புற்களில் பெரும்பாலானவையும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு. அதனால் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பனின் அளவும் இரண்டிலும் வேறாக இருக்கும். செடி மட்கிய பிறகும் அந்தக் கையெழுத்து அழியாது. ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சேற்றை இப்படி அளந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. ஈரமான காலத்தில் மரம் கூடியிருக்கிறது, வறண்ட காலத்தில் புல் கூடியிருக்கிறது. அதாவது, விவசாயம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே புல்வெளி வந்துவிட்டது. தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'காட்டை அழித்ததால் வந்த பொட்டல்' என்ற கதை இங்கே நிற்காது.

வெள்ளைக்காரர் காலத்துக் கணக்கில் இதெல்லாம் தரிசு. அதனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் யூகலிப்டஸ், சீகை, பைன் நட்டார்கள். உறைபனி தாங்கும் வெளிநாட்டு மரங்கள்; பிழைத்துக்கொண்டன. நீலகிரியில் கிளன்மார்கன் பக்கம் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு ஓடைநீரை அளந்து பார்த்தபோது, முதல் பத்து வருடத்தில் வருடாந்திர நீர்வரத்து சுமார் 16% குறைந்திருந்தது. மரம் வைத்தால் தண்ணீர் வரும் என்பதுதானே நாம் படித்தது? புல்வெளியில் கணக்கு தலைகீழ்.

ராஜமலையில் நான் நடந்த அன்று மழை இல்லை. ஆனாலும் ரோட்டோரப் பாறை இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. இந்தப் பூங்காவின் கிழக்கு ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதி வழியாகக் காவிரிக்கே வருகின்றன. கேரளத்துப் புல்லில் விழுந்த மழையில் ஒரு பங்கு கரூர் வயலுக்கு.

எல்லாப் புல்சரிவும் இப்படிப் பழையது என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே காட்டை அழித்து வந்தவையும் உண்டு. நான் விதை வீசிய சரிவு எந்த ரகம் என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை. மரம் இல்லை, அவ்வளவுதான் பார்த்தேன்.

இந்த வருடமும் வாட்ஸ்அப் குரூப்பில் விதைப்பந்துக்கு ஆள் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றேன். எந்த இடம், அங்கே முன்பு என்ன இருந்தது என்று மட்டும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.