ஏழை என்று நிரூபித்தால் முழுக் கட்டணம், இல்லையேல் ஒன்றுமில்லையா?

புதுச்சேரி விக்டர் சிமோனல் வீதியில் உள்ள லிசே பிரான்சே 1826-இல் தொடங்கிய பள்ளி. கட்டணம் உண்டு, எளிய குடும்பத்துக்குத் தாங்காத கட்டணம். ஆனால் அங்கு படிக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள பிள்ளைகளுக்கு, குடும்பத்துக்கு வசதி போதாவிட்டால், பிரெஞ்சு அரசு கைகொடுக்கிறது. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகளும் இதில் அடக்கம். உதவி தானாக வந்துவிடாது. துணைத் தூதரகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருமானம், சொத்து, குடும்ப நிலை எல்லாவற்றுக்கும் சான்று தர வேண்டும். ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூர்க் குழு ஆராய்ந்த பின் இறுதி முடிவு பிரான்சில் எடுக்கப்படுகிறது. கவனிக்க வேண்டியது, உதவி சதவீதக் கணக்கில் கிடைக்கிறது என்பதே. ஒரு வீட்டுக்கு முழுக் கட்டணம், இன்னொரு வீட்டுக்குப் பாதி என்று குடும்பத்தின் சக்திக்கேற்ப அளவு மாறும். பள்ளிப் படிப்பு முடியும்வரை விண்ணப்பிக்கலாம்.

அதே ஊரில் இந்தியக் குடியுரிமையுள்ள பிள்ளைக்கு என்ன வழி? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை உறுதி செய்தது. அப்படியும் புதுச்சேரியில் இந்த ஒதுக்கீடு பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. நடைமுறைப்படுத்திய இடங்களிலும் ஓட்டைகள் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முழுக் கட்டணமும் இலவசம். சில ஆயிரம் கூடினால் நலிந்த பிரிவுக்கான வாசல் அடைபடும். எட்டாம் வகுப்போடு உதவி நின்றுவிடும். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பின் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கடமையே இல்லை. கத்தோலிக்கச் சபைகளின் பள்ளிகள் நிறைந்த புதுச்சேரியில் இது சிறிய விலக்கல்ல.

பிரான்ஸ் பணக்கார நாடு, அதோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தொகையில் ஒப்பிட வேண்டாம். உதவியைப் படிப்படியாக அளக்கும் முறைக்குப் பெரும் செல்வம் தேவையில்லை. கனமான ஆட்சேபம் வேறு: புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24 முதல் சிபிஎஸ்இ பாடத்திட்டமே வந்துவிட்டது, பொதுப்பணம் ஏன் தனியாருக்குப் போக வேண்டும்? அரசுப் பள்ளிக்கே முதலிடம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குத் தானே செலவிடும் தொகைக்கு மேல் அரசு தனியார் பள்ளிக்குத் தர வேண்டியதில்லை என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. தவிர, தந்தையின் வேலை போனதால் ஏழாம் வகுப்புப் பிள்ளை நடு ஆண்டில் பள்ளியை விட்டு வெளியேறுவது எந்தக் கொள்கைக்கும் வெற்றியாகாது. அங்கே தேவைப்படுவது ஓராண்டுக்கான பாதிக் கட்டணமாகவே இருக்கலாம். அதைத் தர இன்றைய ஒதுக்கீட்டில் வழியில்லை.

புதுச்சேரி அரசு 25 சதவீத ஒதுக்கீட்டை முழுமையாகச் செயல்படுத்த வேண்டும். வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்களுக்குப் பகுதி உதவியும், எட்டாம் வகுப்புக்கு மேலும் தொடரும் உதவியும் அடுத்த பட்ஜெட்டிலேயே இடம்பெற வேண்டும்.