'நருட்டோ' முடிச்சாச்சு, அடுத்து என்ன? ஒரத்தநாட்டுக்காரங்களுக்கு 5 வயல்காட்டு அனிமே

"நல்ல அனிமே இருந்தா சொல்லு மச்சி" என்று யாரைக் கேட்டாலும் வரும் பட்டியல் ஒன்றுதான். 'நருட்டோ', 'ஒன் பீஸ்', 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டெமன் ஸ்லேயர்'. கொஞ்சம் புதுசாகக் கேட்டால் 'சோலோ லெவலிங்'.

தப்பே இல்லை. எல்லாமே ஹிட். 2025 செப்டம்பர் 12 அன்று 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தபோது தமிழ் டப்பிங்கும் கூடவே வந்தது. அனிமே என்பது ரூமுக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கும் விஷயம் என்ற காலம் போய்விட்டது.

ஆனால் இந்தப் பட்டியல்களில் எப்போதும் விட்டுப்போகும் ஒரு வகை இருக்கிறது: விவசாய அனிமே. நாற்று, மாடு, கடன், மழை, "படிச்சு முடிச்சிட்டு ஊருக்கு வருவியா?" என்ற கேள்வி. இதையெல்லாம் கதையாக வைத்தே ஜப்பானில் தொடர்கள் எடுத்திருக்கிறார்கள். ஒரத்தநாட்டில் பிறந்து சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு, வாள் சண்டையை விட இந்தக் கதைகள்தான் நெருக்கமாக இருக்கும். அப்படி 5 பரிந்துரைகள் இங்கே. கதைச் சுருக்கம் உண்டு, பெரிய ஸ்பாய்லர்கள் இல்லை.

முதலில், ஜப்பானில் ஏன் இவ்வளவு வயல்?

நம்மைப் போலவே அவர்களும் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். ஆனால் விளைவிக்க ஆள் குறைந்துகொண்டே போகிறது. அங்கே விவசாயத்தையே முக்கியத் தொழிலாகச் செய்பவர்களின் சராசரி வயது 2024-ல் சுமார் 69. பிள்ளைகள் டோக்கியோவுக்கோ ஒசாகாவுக்கோ போய்விட, வயலில் நிற்பது தாத்தா பாட்டிதான்.

இதன் வலி 2025-ல் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே வருடத்தில் அரிசி விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகி, 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து, 'நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுத்துவிடுகிறார்கள்' என்ற தொனியில் பேசிய வேளாண் அமைச்சர் தகு எட்டோ, மே மாதம் பதவி விலக வேண்டியிருந்தது.

அதாவது, அங்கே வயல் வெறும் அழகான பேக்கிரவுண்ட் இல்லை. நாளைக்கு யார் அதைப் பார்த்துக்கொள்வது என்ற கவலை. நல்ல விவசாய அனிமே எல்லாம் இந்தக் கவலையில் இருந்துதான் வருகிறது.

1. சில்வர் ஸ்பூன்: கால்நடைக் கல்லூரி ஊருக்கான தொடர்

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' பார்த்தவர்களுக்கு ஹிரோமு அரகவாவைத் தெரிந்திருக்கும். அந்த மங்காவை எழுதி வரைந்தவர் ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். தன்னை வரையும்போது கண்ணாடி போட்ட மாடாகத்தான் வரைவார். அவருடைய அடுத்த பெரிய வேலைகளில் ஒன்று, 2011-ல் தொடங்கிய 'சில்வர் ஸ்பூன்'. அனிமே 2013-ல் வந்தது. 2 சீசன், மொத்தம் 22 எபிசோடு.

ஹீரோ ஹச்சிக்கென் நகரத்துப் பையன். மார்க் ரேஸில் தோற்று, வீட்டை விட்டுத் தப்பித்தால் போதும் என்று ஹாஸ்டல் உள்ள வேளாண் பள்ளியில் சேர்கிறான். அங்கே மற்ற எல்லோரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலையில் சாணி அள்ளுவதில் தொடங்குகிறது அவன் படிப்பு.

பன்றிக் குட்டிகளிலேயே நோஞ்சானாக இருக்கும் ஒன்றை அவன் தூக்கி வளர்க்கிறான். 'பேர் வைக்காதே' என்கிறார்கள். வைக்கிறான். அது எதற்காக வளர்க்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஆசையாக வளர்த்த கிடாவைக் குலதெய்வம் கோயிலுக்கு ஓட்டிப்போன அனுபவம் உள்ளவர்கள், அந்தச் சில எபிசோடுகளைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. தொடர் 'கறி சாப்பிடாதே' என்றும் சொல்வதில்லை, 'இதெல்லாம் சகஜம்' என்றும் சொல்வதில்லை. தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்து சாப்பிடு என்கிறது.

இரண்டாவது சீசன் இன்னும் கனமானது. கொமாபா என்ற நண்பனின் குடும்பப் பால் பண்ணை கடனில் மூழ்குகிறது. அந்தக் கடனுக்கு ஜாமீன் நின்ற இன்னொரு வீட்டையும் அது சேர்த்து இழுக்கிறது. கூட்டுறவு சங்கக் கடன், ஜாமீன் கையெழுத்து, மாட்டை ஏற்றிப்போக வரும் வண்டி. எதற்கும் நமக்கு சப்டைட்டில் தேவையில்லை.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. பக்கத்து ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கால்நடை மருத்துவர் ஆக ஆசைப்பட்டு, ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்கும் ஐகாவா என்ற பாத்திரத்தைக் கவனியுங்கள். உங்கள் பேட்ச்சிலும் ஒருவர் இருப்பார்.

2. ஒன்லி யெஸ்டர்டே: லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு

1991-ல் ஸ்டூடியோ ஜிப்லிக்காக இசாவோ தகஹாத்தா இயக்கிய படம். 27 வயது தயேகோ, டோக்கியோ ஆபீஸ் வேலையிலிருந்து பத்து நாள் லீவு எடுத்து, யமகட்டா கிராமத்தில் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். வழியெல்லாம் ஐந்தாம் வகுப்பு ஞாபகங்கள். அவ்வளவுதான் கதை.

சண்டை இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் முக்கியமான ஒரு காட்சி இருக்கிறது. 'எவ்வளவு அழகான இயற்கை' என்று தயேகோ வியக்க, இயற்கை விவசாயம் செய்யும் தொஷியோ திருத்துகிறான். இந்தக் காடு, ஓடை, வயல் எல்லாமே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக உழைத்து உண்டாக்கியது என்கிறான்.

இதை ஒரத்தநாட்டில் வைத்துப் பாருங்கள். நாம் 'புது ஆறு' என்று கூப்பிடுவது ஆறே இல்லை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் முடிந்த கல்லணைக் கால்வாய். ஊரைச் சுற்றி நாம் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பச்சையில் பெரும்பங்கு, ஆட்கள் வெட்டிய வாய்க்காலும் கட்டிய வரப்பும் கொடுத்தது.

இன்னொரு ஒட்டுறவும் உண்டு. ஜப்பானிய இயற்கை விவசாயி மசனோபு புகோகாவின் புத்தகம் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்று தமிழில் வந்து இங்கே பலரை மாற்றியது. டெல்டாவில் அந்தச் சிந்தனையை ஊர் ஊராகக் கொண்டுபோன நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று காலமானது நமக்குப் பக்கத்தில், பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில்தான். தொஷியோ பேசுவதைக் கேட்டால் அவர் ஞாபகம் வரலாம்.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பாட்டி கேட்கும் ஒரு கேள்வி, தயேகோவை ஆட்டிவிடுகிறது. 'எனக்குக் கிராமம் ரொம்பப் பிடிக்கும்' என்று சொல்வதும், அங்கேயே வாழ்வதும் ஒன்றா? பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

3. சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்: நடவு முதல் அறுப்பு வரை

செல்லமாக வளர்ந்த ஒரு தெய்வப் பெண், செய்த தப்புக்காகப் பேய்கள் உலவும் தீவுக்கு விரட்டப்படுகிறாள். கூடவே சில மனிதர்கள். சாப்பிட வேண்டுமென்றால் நெல் நட வேண்டும். 2024-ல் வந்த 13 எபிசோடு தொடர் இது.

இதன் மூலம் 2020-ல் வந்த ஒரு வீடியோ கேம். அதில் நெல் நன்றாக விளைந்தால்தான் சகுனாவுக்குச் சண்டை போடப் பலம் கூடும். உழவு, நடவு, தண்ணீர் அளவு, களை, அறுப்பு, காயப்போடுதல் என்று ஒவ்வொன்றும் அவ்வளவு நுணுக்கம். விளையாடியவர்கள் டிப்ஸ் தேடி ஜப்பான் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்துக்கே போனார்கள் என்பது அப்போது பெரிய பேச்சு.

நமக்கு இதில் கூடுதல் சுகம் உண்டு. விதை நெல்லை உப்புக் கரைசலில் போட்டு, மிதக்கும் சண்டை நீக்கிவிட்டு, மூழ்கும் கனமான விதையை மட்டும் எடுப்பது ஜப்பானில் பழகிய முறை. கரைசல் சரியா என்று பார்க்க முட்டையை மிதக்கவிடுவார்கள். நம் வேளாண் துறை ஆட்களும் இதே முட்டை டெக்னிக்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க ஏற்ற தொடர் இதுதான். "அடியே, தண்ணிய வடிடி!" என்று அப்பாயி டிவியைப் பார்த்துக் கத்த வாய்ப்பு அதிகம்.

4. முஷிஷி, 9-ஆவது எபிசோடு: விளைச்சலின் விலை

'முஷிஷி' 2005-ல் வந்த 26 எபிசோடு தொடர். கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் வரும் பிரச்சினைகளைத் தீர்க்க ஊர் ஊராகச் சுற்றும் கின்கோதான் நாயகன். ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதை. அதனால் 9-ஆவதை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 'கனத்த விதை' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ஓர் ஊர். சுற்றிலும் பஞ்சம் வரும்போதெல்லாம் அங்கே மட்டும் நெல் அமோகமாக விளைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த விளைச்சல் ஊரில் ஓர் உயிரை வாங்கிக்கொள்கிறது. ஊர் பிழைக்க ஓர் உயிர் போகலாமா? யார் முடிவு செய்வது? அரை மணி நேரம்கூட ஓடாத கதை. பார்த்து முடித்ததும் அடுத்த எபிசோடை உடனே போட மனசு வராது.

விளைச்சல் என்றாலே சந்தோஷம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அமோகமாக விளைந்த வருடத்திலேயே நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று மழையைப் பார்த்து நின்ற டெல்டாக்காரர்களுக்கு இந்த எபிசோடு வேறு மாதிரி புரியும்.

5. மோயாஷிமோன்: பழைய சோற்றுக்கு ஒரு சல்யூட்

நான்கு கனமான பரிந்துரைக்குப் பிறகு ஒரு ஜாலியான தொடர். வேளாண் பல்கலைக்கழகத்தில் சேரும் சவாகிக்கு நுண்ணுயிரிகள் வெறும் கண்ணுக்கே தெரியும், அதுவும் குட்டிக் குட்டி கார்ட்டூன்களாக. அவை அவனோடு பேசவும் செய்யும். 2007-ல் வந்த முதல் சீசனில் 11 எபிசோடு.

அரிசியில் பூஞ்சை வளர்த்து சாக்கே மது உண்டாக்குவது, சோயா சாஸ், நொதித்த மீன் என்று ஜப்பானின் புளித்த உணவு உலகம் முழுவதும் இதில் இருக்கிறது. முதல் எபிசோடில் வரும் ஓர் உணவைப் பார்க்கும்போது கையில் சாப்பாட்டுத் தட்டு வேண்டாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் ஏன் புளிக்கிறது, இட்லி மாவு ஏன் பொங்குகிறது? இதற்கான அறிவியலைக் கிண்டலோடு சொல்லிக்கொடுக்கும் தொடர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீராகாரத்தை இனி மரியாதையோடு குடிப்பீர்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

* ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு: 'ஒன்லி யெஸ்டர்டே'. ஜிப்லி படங்கள் 2020-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது இதுவும் வந்தது.
* சாப்பாட்டு இடைவேளை அளவு நேரம்: 'முஷிஷி' 9-ஆவது எபிசோடு.
* ஒரு வார இறுதி: 'சகுனா'.
* அனிமேவே பார்க்காத நண்பரை இழுக்க: 'சில்வர் ஸ்பூன்' முதல் 3 எபிசோடு. மீதியை அவரே பார்த்துவிடுவார்.
* பயோ படித்தவர், படிக்கிறவர்: 'மோயாஷிமோன்'.

ஒரு குறிப்பு. ஸ்ட்ரீமிங் உரிமங்கள் அடிக்கடி கை மாறும். எனவே ஜப்பானியப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். 'சில்வர் ஸ்பூன்' என்றால் 'கின் நோ சாஜி', 'ஒன்லி யெஸ்டர்டே' என்றால் 'ஓமொய்தே போரோபோரோ'.

ஏன் இதைப் பரிந்துரைக்க வேண்டும்?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதற்குப் பிறகு நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு நடக்காத வீடு குறைவு. விற்கலாமா, குத்தகைக்கு விடலாமா, யாராவது ஒருத்தர் வேலையை விட்டுட்டு வரலாமா? இந்தப் பேச்சு பெரும்பாலும் சண்டையில் முடியும், இல்லையென்றால் மௌனத்தில்.

இந்த 5 அனிமேவும் இதற்குத் தீர்ப்பு சொல்வதில்லை. 'சில்வர் ஸ்பூன்' மாணவர்களில் சிலர் பண்ணைக்குத் திரும்ப ஆசைப்படுகிறார்கள், சிலருக்கு ஆசை இல்லை, சிலருக்கு ஆசை இருந்தும் பண்ணையே மிஞ்சவில்லை. திரும்பாதவர்களை அந்தத் தொடர் குற்றவாளி ஆக்கவில்லை. திரும்புகிறவர்களைத் தியாகி ஆக்கவும் இல்லை.

அப்பாவிடம் நேரடியாகப் பேசத் தயக்கமாக இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனை டிவியில் கனெக்ட் செய்து 'சகுனா' முதல் எபிசோடைப் போட்டுவிடுங்கள். நாற்று நடும் காட்சி வரும்போது பேச்சு தானாகத் தொடங்கும்.