தேயத் தேய வளரும் பல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நிலக்கடலை போட்டவர்களுக்கு எலியின் பல் நன்றாகத் தெரியும். நெற்று, வேலிக்குச்சி, தானியச் சாக்கு என எதைக் கொறித்தாலும் அதன் முன்பல் தீர்ந்துபோவதில்லை. தேயத் தேய, ஆயுள் முழுக்க வளர்கிறது.

அந்தப் பல்லின் அடியில், தாடைக்குள், குருத்தணுக்கள் இருக்கின்றன. சில குருத்தணுக்களாகவே தங்கிவிட, மற்றவை எனாமல் செய்யும் அணுக்களாக மாறுகின்றன. இந்த மாற்றத்தைச் சீராக நடத்துவதில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இவை புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. மரபணு அனுப்பும் செய்தியை வழியில் மறித்து, புரத உற்பத்தியைக் குறைக்கின்றன. 1993-இல் ஒரு சிறு புழுவில் இவற்றைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2010-இல் வெளியான ஓர் ஆய்வு வியக்க வைக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் 'டைசர்' என்ற நொதியைச் சுண்டெலிகளின் பல் திசுவிலிருந்து நீக்கினார்கள். முன்பற்கள் கிளைவிட்டு, எனாமலே இல்லாமல் வளர்ந்தன.

நமக்கோ, பல் முளைத்ததும் எனாமல் செய்யும் அணுக்கள் மறைந்துவிடுகின்றன. பல்லின் கூழில் குருத்தணுக்கள் உண்டு; விழும் பால்பல்லிலும் அவை இருப்பதை 2003-இல் கண்டார்கள். ஆனால் அவை எனாமல் தருவதில்லை.

ஆகவே நேயர்களே, சொத்தை சிறிதாக இருக்கும்போதே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.